விட்டுப்போன வீடுகளின் தீவு

சாந்தொரினித் தீவுக்குப் போகிறவர்களில் பலர் சூரியன் மறைவதைப் பார்க்க இயா என்ற ஊருக்குப் பேருந்தில் போய்ச் சேர்கிறார்கள். நடந்து போவதுதான் சரி. தலைநகர் ஃபிராவிலிருந்து சுமார் 10 கிலோமீட்டர், நிதானமாக நடந்தால் மூன்று நான்கு மணி நேரம். இடப்பக்கம் ஏறக்குறைய 300 மீட்டர் செங்குத்தாக இறங்கும் பாறை. அடியில் கடல் புகுந்து நிறைந்த எரிமலை வாய். வழியில் நிழல் கிடையாது. தண்ணீர் கையோடு வேண்டும்.

வழியில் வரும் ஊர் இமெரோவீகிலி. பெயருக்குப் பகற்காவல் என்று பொருள்; கடற்கொள்ளையர் வருகிறார்களா என்று இங்கிருந்து பார்த்திருப்பார்கள். எதிரே துருத்தி நிற்கும் ஸ்காரோஸ் பாறையில் வெனிசுக்காரர் காலத்துக் கோட்டை ஊர் இருந்தது. ஒரு காலத்தில் தீவின் தலைநகரே அதுதான். நிலநடுக்கங்கள் அதைக் கொஞ்சங் கொஞ்சமாகச் சரிக்க, மக்கள் ஃபிராவுக்கு நகர்ந்தார்கள். இப்போது ஏறிப் போனால் சில சுவர்களும் காற்றும்தான்.

இயாவின் கதையும் அதுவே, ஆனால் நமக்கு இன்னும் கிட்டியது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பாய்க்கப்பல்களால் செழித்த ஊர் அது. கப்பல் தலைவர்கள் மேட்டில் மாடிவீடு கட்டினார்கள். மாலுமிகள் மலைச்சரிவின் இளகிய எரிமலைச் சாம்பலைக் குடைந்து குடியிருந்தார்கள். மரமே அரிதான தீவில் உத்தரத்துக்கு எங்கே போவது? வளைந்த கூரை, முகப்பில் ஒரு கதவு, சிறு ஜன்னல்கள், அவ்வளவுதான் வீடு. நீராவிக் கப்பல் வந்ததும் தொழில் பிரேயஸ் துறைமுகத்துக்குப் போயிற்று. மிச்சமிருந்ததை 1956 ஜூலை 9 விடியற்காலை நிலநடுக்கம் முடித்துவைத்தது. பதின்மூன்று நிமிடங்களுக்குள் இரண்டு பெரும் அதிர்வுகள், 53 உயிர்கள். ஏராளமானோர் ஏதென்ஸுக்கும் பிரேயஸுக்கும் போனார்கள். பலர் திரும்பவில்லை.

அந்த இடிந்த குகைவீடுகளைத்தான் 1975 முதல் கிரேக்க அரசின் சுற்றுலா நிறுவனம் பழுதுபார்த்து விருந்தினர் விடுதிகளாக்கியது. நல்ல காரியம் என்றே சொல்வேன். இல்லாவிட்டால் இன்று மண்மேடுதான் இருந்திருக்கும். ஆனால் வீடுகள் காப்பாற்றப்பட்ட அளவுக்குக் குடியிருப்பு காப்பாற்றப்படவில்லை. ஒரு மாலுமிக் குடும்பம் முழுவதும் படுத்துறங்கிய அறையில் இப்போது இருவர் தங்குகிறார்கள், வாசலில் நீச்சல் தொட்டியோடு. 2021 கணக்கெடுப்பில் ஏறக்குறைய 15,000 பேர் வாழ்ந்த தீவுக்கு ஆண்டுக்கு 30 லட்சத்துக்கும் மேல் ஆட்கள் வருகிறார்கள். பள்ளிக்கு மாற்றலாகி வரும் ஆசிரியருக்கு வாடகை வீடு கிடைப்பது பெரும்பாடு.

பசித்த வயிற்றோடு உட்கார்ந்தால் முதலில் கேட்க வேண்டியது ஃபாவா. மஞ்சள் பருப்பைக் குழைய வேகவைத்து மசித்து, ஆலிவ் எண்ணெயும் வெங்காயமும் போட்டுத் தருவார்கள். நம் வீட்டுப் பருப்புக்கடையல் தாளிக்காமல் வந்துவிட்டதோ என்று தோன்றும். அந்தப் பருப்பு கேசரிப் பருப்பின் நெருங்கிய சொந்தம். தக்காளி வடைக்கு ‘பொய் இறைச்சி உருண்டை’ என்றும் ஒரு பெயர் உண்டு; இறைச்சி வாங்க முடியாதவர்கள் சுட்டது. மழை குறைந்த மண்ணில் திராட்சைக் கொடியைக் கூடைபோலத் தரையோடு சுற்றி வளர்க்கிறார்கள். காற்றிலிருந்து காய் தப்பும், இரவுப் பனியும் தங்கும். இன்று விலையுயர்ந்த தட்டுகளில் வருவதெல்லாம் வறண்ட தீவு கண்டுபிடித்த பிழைப்பு.

ஃபாவாப் பருப்பு தீவின் தென்கோடியில் உள்ள அக்ரோத்திரியிலும் கிடைத்திருக்கிறது, சுமார் 3,600 ஆண்டுகளுக்கு முந்திய சேமிப்பில். எரிமலைச் சாம்பலில் புதைந்த அந்த நகரை 1967 முதல் தோண்டியவர் ஸ்பிரிடோன் மரினாடோஸ். அதற்கு நூறாண்டு முன்பே தீவில் பழம்பொருள்கள் தலைகாட்டின. சூயஸ் கால்வாய் வேலைக்காக, போர்ட் சையித் துறைமுகக் காரைக்கு இங்கிருந்து எரிமலை மண்ணை வெட்டியெடுத்தபோதுதான் அது. கொழும்பிலிருந்து கப்பலில் லண்டன் போன நம் முதல் தலைமுறையினர் அந்தத் துறைமுகத்தைத்தான் கடந்து போனார்கள்.

அக்ரோத்திரிச் சுவரோவியம் ஒன்றில் நீலக் குரங்குகள் தாவுகின்றன. வாலின் வளைவைப் பார்த்து, அவை இந்தியத் துணைக்கண்டத்து மந்திகள் என்று சில ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். நம்மவர்கள் உடனே கடல் கடந்த பெருமை பேசத் தொடங்க வேண்டாம். அவர்கள் கைகாட்டுவது சிந்துவெளியை.

அந்த ஊரில் மாடி வீடுகள் இருக்கின்றன, கழிவுநீர்க் கால்வாய் இருக்கிறது. மனித எலும்புக்கூடுகள் கிடைக்கவில்லை. பெருவெடிப்புக்கு முன்பே மக்கள் வெளியேறிவிட்டார்கள் என்பது அறிஞர் கருத்து. 2025 தொடக்கத்தில் ஓயாமல் நில அதிர்வுகள் வந்தபோதும் 11,000 பேருக்கு மேல் படகிலும் விமானத்திலும் கிளம்பிப் போனார்கள். பெருவெடிப்பு எதுவும் நிகழவில்லை. அதிர்வுகள் அடங்கின, சுற்றுலாப் பருவத்துக்குக் கடைகள் திறந்தன.

அக்ரோத்திரிக்காரர்களும் முதல் நிலநடுக்கத்துக்குப் பிறகு ஒருமுறை திரும்பி வந்திருக்கிறார்கள். தெருவில் இடிபாட்டை ஒதுக்கியிருக்கிறார்கள், பழுதுபார்க்கத் தொடங்கியிருக்கிறார்கள், கட்டில்களை வெளியே எடுத்துப் போட்டிருக்கிறார்கள். மரம் மக்கிப்போய்விட்டது. அது சாம்பலில் விட்டுப்போன வெற்றிடத்தில் சாந்து ஊற்றித்தான் அந்தக் கட்டில்களுக்கு இன்று உருவம் எடுத்து வைத்திருக்கிறார்கள்.