ஐம்பது நாள் பிரகடனமும் 999 வருஷக் குத்தகையும்

பிரிவினை என்ற சொல் விழுந்தவுடன் நம் வட்டத்தில் பேச்சு திராவிட நாட்டுக்குப் போய்விடுகிறது. 1962-ல் ராஜ்யசபையில் அண்ணாதுரை சுயநிர்ணயம் பற்றிப் பேசினார், அந்த வருஷமே சீனப் போர் வந்தது, 1963-ல் அரசியல் சட்டத்தின் பதினாறாவது திருத்தம் வந்தது, கோரிக்கை கைவிடப்பட்டது. இத்துடன் விஷயம் முடிந்ததாக நினைக்கிறோம். பெரியகுளத்தில் உட்கார்ந்திருக்கிற எனக்கு இது போதவில்லை. இங்கிருந்து போடி போய் மெட்டு ஏறினால் தொட்டுவிடக்கூடிய ஒரு ராஜ்யம், ஆங்கிலேயர் வெளியேறும் நாளில் தான் ஒரு தனி தேசம் என்று 1947-ல் ஏறத்தாழ ஐம்பது நாட்கள் சொல்லிக்கொண்டிருந்தது. கம்பம் பள்ளத்தாக்கின் தண்ணீர் அங்கிருந்துதான் வந்தது, வருகிறது. (பெரியகுளம் குடிப்பது வராக நதி. பெயரில் பெரியாறு ஒலித்தாலும் அந்த ஆற்றில் எங்களுக்கு நேரடிப் பாத்தியதை இல்லை. ஆனால் என் வங்கிக் கிளையில் பயிர்க்கடன் கேட்டு வருகிறவர்களில் பலருக்கு உண்டு.)

1947 ஜூன் 11. திருவிதாங்கூர் திவான் ஸர் சி.பி. ராமசாமி அய்யர் சமஸ்தானத்தின் சுதந்திரத்தை அறிவித்தார். மலையாள நாட்டின் தனித்துவத்துக்காகப் பேசிய இந்த மனிதர் 1879-ல் வந்தவாசியில் பிறந்த தமிழர். 1923 முதல் 1928 வரை சென்னை ராஜதானியில் சட்ட மெம்பராக இருந்தவர். பைக்காரா, மேட்டூர் திட்டங்களோடு அவர் பெயரைச் சேர்த்துப் பேசுவார்கள். அதாவது, பெரியாற்றுத் தண்ணீரைப் பொறுத்தவரை முதலில் குத்தகைக்காரன் பக்கத்து நாற்காலியிலும் பிறகு நிலச் சொந்தக்காரன் பக்கத்து நாற்காலியிலும் ஒரே ஆள் உட்கார்ந்திருந்தார். 1941-ல் நடுவர் நளினி ரஞ்சன் சாட்டர்ஜி, இந்தத் தண்ணீர் பாசனத்துக்குத்தான், சென்னை இதில் மின்சாரம் எடுக்க உரிமையில்லை என்று தீர்ப்பளித்தபோது அவர் திருவிதாங்கூரின் திவான். இறையாண்மை என்பதை ஆத்மாவின் குரலாக எழுதுகிற நண்பர்கள் இந்த இரண்டு நாற்காலிகளைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

குத்தகை 1886 அக்டோபர் 29-ல் கையெழுத்தானது. 8000 ஏக்கர், ஏக்கருக்கு ஐந்து ரூபாய், வருஷத்துக்கு 40,000, காலம் 999 வருஷம். அணை 1895-ல் முடிந்தது. மகாராஜா தன் இதயத்து ரத்தத்தால் கையெழுத்திடுவதாகச் சொன்னார் என்று கேரளத்தில் ஒரு கதை வழங்குகிறது. விசாகம் திருநாள் என்று பெயரும் சொல்வார்கள். அவர் 1885-லேயே இறந்துபோனவர். தோற்றவர்களின் கதை இப்படித்தான் தேதிகளை மீறி வளரும். அதைப் பொய் என்று தள்ளிவிடுவது எனக்கு உடன்பாடில்லை. பெரிய ராஜ்யத்தின் முன்னால் சின்ன ராஜ்யத்துக்கு மறுக்கும் வலு இல்லை என்ற உண்மை அந்தப் பொய்க்குள் இருக்கிறது.

இனி 1947-ன் சிக்கல். இந்திய சுதந்திரச் சட்டத்தின் ஏழாவது பிரிவு, சமஸ்தானங்களின் மேல் இருந்த பிரிட்டிஷ் மேலாதிக்கம் ஒழிகிறது, அரசருக்கும் சமஸ்தான மன்னர்களுக்கும் இடையே இருந்த உடன்படிக்கைகளும் ஒழிகின்றன என்றது. 1886-ன் பத்திரத்தில் ஒரு பக்கம் திருவிதாங்கூர் மகாராஜா. மறுபக்கம் இந்தியாவுக்கான ராஜாங்க மந்திரி. அப்படியானால் பத்திரமும் ஒழிந்ததா? கேரளம் பின்னால் நீதிமன்றத்தில் வாதாடியது இதைத்தான். 2014 மே 7-ல் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் ஒழியவில்லை என்றார்கள்: அது இரண்டு இறையாண்மைகளுக்கு இடையிலான அரசியல் உடன்படிக்கை அல்ல, சாதாரணக் குத்தகை.

விமர்சகனாக எனக்கு இதில் ஒரு குரூரமான சுவாரஸ்யம் உண்டு. ஒரு பிரதி எந்த வகையைச் சேர்ந்தது என்ற கேள்வியை நாம் கவிதைக்கும் வசனத்துக்கும் நடுவில் வைத்துக்கொண்டு வருஷக்கணக்கில் சண்டை போடுகிறோம். உத்தமபாளையத்திலும் சின்னமனூரிலும் அதே கேள்விக்கு 14,707 ஏக்கர் இருபோக நெல் காத்திருக்கிறது. உடன்படிக்கை என்றால் தரிசு. குத்தகை என்றால் நாற்று. வீட்டுக்காரர் மாறினாலும் குடியிருப்பவனின் ஒப்பந்தம் நிற்கும் என்பது எங்கள் கவுண்டருக்கு வருகிற யாருக்கும் தெரிந்த நியாயம். ராஜ்யங்கள் மாறும்போதும் அது செல்லும் என்று நிலைநாட்ட 67 வருஷம் ஆயிற்று.

சுதந்திரப் பிரகடனத்தை யாரும் வாக்களித்துத் தீர்மானிக்கவில்லை. அதே ஜூலை மாதத்தில் ஸில்ஹெட்டிலும் வடமேற்கு எல்லை மாகாணத்திலும் மக்களிடம் வாக்குக் கேட்டார்கள். ஜூனாகட்டில் 1948 பிப்ரவரியில் கேட்டார்கள், அதுவும் இந்தியப் படை உள்ளே போன பிறகு. திருவிதாங்கூரில் திவான் அறிவித்தார். காங்கிரஸ்காரர்கள் எதிர்த்தார்கள்; அதற்கு முந்தைய வருஷமே புன்னப்புரை, வயலாரில் ரத்தம் சிந்திய கம்யூனிஸ்டுகள் எதிர்த்தார்கள். தோரியம் இருக்கிற கடற்கரை மணலின் மேல் பிரிட்டனுக்கு ஒரு கண் இருந்தது. ஜூலை 25 இரவு திருவனந்தபுரத்தில் ஒரு சங்கீத விழாவில் கே.சி.எஸ். மணி என்ற சோஷலிஸ்ட் இளைஞர் திவானை வெட்டினார். திவான் பிழைத்தார். மாத முடிவுக்குள் மகாராஜா இந்தியாவோடு சேரச் சம்மதித்தார். ஆகஸ்டில் ஸர் சி.பி. பதவியை விட்டுப் போனார். ஒரு தேசம் பிறக்காமல் போனதற்குக் காரணம் கத்தி என்று சொல்வது எளிது. பிரஜைகளின் சம்மதம் கேட்கப்படாத இடத்தில் கத்தி வாக்குச்சீட்டாகிவிடுகிறது என்று சொல்லவும் நான் தயங்குகிறேன், அது கத்திக்கு அதிக மரியாதை.

சரி, வாக்கெடுப்பு நடந்திருந்தால்? யாருக்கு வாக்கு? தேவிகுளம், பீர்மேடு எஸ்டேட்டுகளில் அன்று கொழுந்து பறித்தவர்கள் பெரும்பாலும் தமிழர்கள். 1955-ல் பசல் அலி, குன்ஸ்ரு, பணிக்கர் ஆகியோரின் மாநிலச் சீரமைப்புக் கமிஷன் முன்னால் இந்தத் தாலுகாக்களைத் தமிழர்கள் கேட்டார்கள். கொடுக்கவில்லை. மலையின் பொருளாதாரம் கேரளத்துக்குத் தேவை என்பது ஒரு காரணம். தோட்டத் தொழிலாளர்கள் வந்துபோகிறவர்கள் என்பது இன்னொரு காரணம். 1956 நவம்பர் 1-ல் தெற்கே தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு, செங்கோட்டையில் ஒரு பகுதி என்று சென்னைக்கு வந்தன. மலை போயிற்று. என் பெரியப்பா பீர்மேட்டில் ஒரு எஸ்டேட்டில் கணக்கப்பிள்ளையாக 31 வருஷம் இருந்தார். அங்கேதான் கல்யாணம், அங்கேதான் மூன்று பிள்ளைகளும் பிறந்தார்கள். கமிஷன் கணக்கில் அவர் வந்துபோனவர்.

1948-ல் இலங்கை தன் பிரஜாவுரிமைச் சட்டத்தில் மலையகத் தமிழர்களைப் பற்றிச் சொன்னதும் வேறொன்றும் இல்லை. தேயிலைக்கு வேண்டும், வாக்குக்கு வேண்டாம். 1964-ல் சாஸ்திரியும் சிறிமாவோவும் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பங்கிட்டுக்கொண்டார்கள், அந்த மக்களில் ஒருவரையும் கேட்காமல். 2014-ல் ஸ்காட்லாந்து வேறு வழி செய்தது: அங்கே குடியிருக்கிற போலந்துக்காரருக்கு வாக்கு உண்டு, லண்டனில் குடியிருக்கிற ஸ்காட்லாந்துக்காரருக்குக் கிடையாது. இரண்டே வருஷத்தில் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேற பிரிட்டன் வாக்கெடுப்பு நடத்தியபோது அதே போலந்துக்காரர் வாக்காளர் அல்ல. பிரிவதா சேர்ந்திருப்பதா என்ற கேள்வியின் விடை பட்டியல் தயாரிக்கும் குமாஸ்தாவின் மேஜையிலேயே பாதி எழுதப்பட்டுவிடுகிறது. குமாஸ்தா என்ற முறையில் சொல்கிறேன்.

1970-ல் கேரளமும் தமிழ்நாடும் அந்தக் குத்தகைக்குத் துணை ஒப்பந்தம் போட்டுக்கொண்டன. ஏக்கருக்கு 30 ரூபாய். மின்சாரம் எடுக்கும் உரிமை தமிழ்நாட்டுக்கு, அதற்குத் தனிக் கட்டணம். மீன்பிடிக்கும் உரிமை கேரளத்துக்கு. 8000-ஐ 30-ஆல் பெருக்கினால் வருஷம் 2,40,000 ரூபாய். எங்கள் கிளையில் மாந்தோப்புக்காரர்கள் நகையை வைத்து இதைவிட அதிகம் வாங்கிப் போகிறார்கள்.

போடியில் விடியற்காலை பெண்கள் ஜீப்பில் அடைந்து உடும்பன்சோலை ஏலத்தோட்டங்களுக்குப் போகிறார்கள், பொழுது சாயத் திரும்புகிறார்கள். போன மாதம் சேமிப்புக் கணக்கு தொடங்க வந்த ஒரு அம்மாளிடம் வேலை செய்யும் இடம் எது என்று கேட்டேன். "மேல" என்றார். எந்த மாநிலம் என்றேன். "மேலதான் தம்பி" என்றார். படிவத்தில் அந்தக் கட்டம் இன்னும் காலியாக இருக்கிறது.