காலுறைத் தொழிற்சாலையின் நினைவுகளும் தொழிலாளர் வரலாறும்

முதியோர் தம் இளமையிற் செய்த தொழிலைப் பற்றிப் பேசத் தொடங்கும்போது, அவர்தம் குரலில் ஓர் இனிமை வந்து சேர்வதை நாமெல்லோரும் கேட்டிருக்கின்றோம். கடும் உழைப்பையும் குறைந்த கூலியையும் தந்த தொழிற்சாலையும் பல ஆண்டுகள் கழிந்தபின் பிறந்த வீட்டைப் போல நினைவில் எழுகின்றது. இந்த இனிமையை வரலாறு எவ்வாறு மதிப்பிடுவது? அறியாமை என்று தள்ளிவிடுவதா? முதலாளியின் நற்குணத்துக்குச் சான்று என்று கொள்வதா? இவ்விரண்டும் தவறு என்பதே நமது கருத்து. நாமே ஒரு காலத்தில் அத்தகைய தொழிற்சாலையொன்றில் வேலை செய்தவராதலின், சொந்த அனுபவத்தைச் சாட்சியாக வைத்து இவ்வினாவை ஆராயத் துணிகின்றோம்.

1966ஆம் ஆண்டில் நமக்கு வயது இருபது. படிப்பதற்கென யாழ்ப்பாணத்திலிருந்து இங்கிலாந்து சென்ற நாம், கையிருப்புக் கரைந்ததும், அந்நாட்டின் நடுப்பகுதியிலுள்ள லெஸ்டர்ஷயரில் ஒரு பின்னற் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தோம். முதலிற் பகல் முறையிலும் பின்னர் இரவு முறையிலுமாக மூன்று ஆண்டுகள் அங்கே உழைத்தோம். நம்மவர் 'மேஸ்' என்று சொல்லும் காலுறையும், குளிருக்கு அணியும் கம்பளிச் சட்டையும் அங்கே உற்பத்தியாயின. அப்பகுதி மக்கள் இத்தொழில் முழுவதையும் 'ஹோசியரி' என்ற ஒரே சொல்லாற் குறிப்பர்.

நமக்குக் கிடைத்த வேலை மிக எளியது. ஆனால் கண்ணைப் பிழிவது. கம்பளிச் சட்டையின் இடுப்புப் பட்டியும் கைப்பட்டியும் வேறோர் இயந்திரத்திற் பின்னப்பட்டு வரும். அவற்றின் விளிம்பிலுள்ள கண்ணிகளை ஒன்றுவிடாமல் ஒரு நீண்ட சட்டத்தின் முட்களில் மாட்டிக் கொடுக்க வேண்டும். ஒரு கண்ணி தவறினாலும் துணி அவ்விடத்தில் ஓடிப் பிரிந்துவிடும். சட்டத்தைப் பெற்றுக்கொள்ளும் பின்னற்காரர் அதைப் பெரிய இயந்திரத்தில் ஏற்றுவார். அதன்பின் சட்டையின் உடல் வரிவரியாக வளரும்.

இன்றும் கண்ணை மூடினால் அந்த மண்டபம் தெரிகின்றது. எண்ணெய் ஊறிய கம்பளியின் மணம். உதட்டசைவைப் பார்த்தே பேச்சைப் புரிந்துகொள்ளும்படி பழக்கிவிட்ட இரைச்சல். 'மீ டக்', அதாவது 'என் வாத்தே', என்று யாரையும் வாஞ்சையுடன் அழைக்கும் அவ்வூர்ப் பெண்கள். ஒருத்திக்குத் திருமணம் என்றால், முதல் நாள் அவள் மேலங்கி முழுவதும் கடதாசிப் பூக்களையும் நாடாக்களையும் தைத்துத் தெருவழியே ஊர்வலமாக அழைத்துச் செல்வர். பஞ்சாபித் தோழர் கொண்டுவரும் ரொட்டியை நாமும், நாம் கொண்டுபோகும் மிளகாய்ச் சம்பலை அவரும் பகிர்ந்துண்டோம்.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு முதிய பின்னற்காரரை நினைக்கின்றோம். உணவு இடைவேளையில் நம்மை அருகழைத்து, வளைந்த ஊசியைக் குறட்டாற் பிடித்து நேராக்குவது எப்படி என்று அவரே காட்டித் தந்தார். வரிசையிலுள்ள ஊசிகளின் மேல் விரலை ஓடவிட்டால், பிழையான ஊசி எதுவென்று அவர் விரலே அறியும். அவருடைய பாட்டனும் முப்பாட்டனும் அதே மாவட்டத்திற் காலுறை பின்னியவர்கள். அவர் வாயிலாகவே அத்தொழிலின் வரலாற்றை நாம் முதலில் அறிந்தோம். பின்னர் நூல்களிற் தேடிக் கற்றோம்.

அவ்வரலாறு 1589ஆம் ஆண்டில் தொடங்குகின்றது. நொட்டிங்காம்ஷயரைச் சேர்ந்த கல்வர்ட்டன் என்னும் சிற்றூரில் வில்லியம் லீ என்பவர் காலுறை பின்னும் சட்டகத்தை உருவாக்கினார். கையாற் பின்னுவோர் ஒவ்வொரு கண்ணியாகப் பின்ன, இச்சட்டகம் ஒரு வரிசைக் கண்ணிகள் முழுவதையும் ஒரே அசைவிற் பின்னிற்று. இங்கிலாந்தில் ஆதரவு கிட்டாத லீ பிரான்சுக்குச் சென்று அங்கேயே மறைந்தார். ஆனால் அவரது சட்டகம் நாடு திரும்பி, காலப்போக்கில் நொட்டிங்காம், லெஸ்டர், டார்பி ஆகிய மூன்று மாவட்டங்களின் வாழ்வையே மாற்றிற்று.

இத்தொழில் நெடுங்காலம் வீடுகளிலேயே நடைபெற்றது. தந்தை சட்டகத்தில் அமர்வார்; தாய் தைப்பாள்; பிள்ளைகள் நூல் சுற்றுவர். வெளிச்சத்துக்காக அகன்ற யன்னல்கள் வைத்தனர். இரவில் நீர் நிரப்பிய கண்ணாடிக் குண்டுகளால் மெழுகுதிரி ஒளியைக் குவித்துக்கொண்டனர். வீடு தொழிலாளியுடையதாக இருந்தாலும் சட்டகம் பெரும்பாலும் அவனுடையதன்று. அதற்கு அவன் வாரந்தோறும் வாடகை கொடுத்தான். வேலை இல்லாத வாரத்திலும் வாடகை நின்றதில்லை. 1840இன் இறுதியில் லெஸ்டருக்கு வந்த தொமஸ் கூப்பர் என்னும் பத்திரிகையாளர், காலுறைத் தொழிலாளியின் சராசரி வார வருமானம் 4 ஷிலிங் 6 பென்ஸ் மட்டுமே என்று கேட்டு நம்ப மறுத்தார். நம்பியபின் அவர் மக்கள் சாசன இயக்கத்தின் தலைவர்களுள் ஒருவரானார். சட்டக வாடகை சட்டத்தினால் ஒழிக்கப்பட்டது 1874இலேயாகும்.

அதற்கு முன்பே இம்மக்கள் போராடியிருந்தனர். 1811 மார்ச்சில் நொட்டிங்காமை அடுத்த ஆர்னல்ட் கிராமத்தில் சட்டகங்கள் உடைக்கப்பட்டன. 'லட்' என்னும் கற்பனைத் தலைவனின் பெயரில் இயங்கிய இவர்களை இயந்திரத்தின் மூடப் பகைவர் என்று ஏளனம் செய்வது பின்னாளின் வழக்கம். உண்மையில் அவர்கள் எல்லாச் சட்டகங்களையும் உடைக்கவில்லை. அகலத் துணியாகப் பின்னி வெட்டித் தைத்த போலிக் காலுறைகளுக்கும், கூலிக் குறைப்புக்கும், முறையான பயிற்சி பெறாதோரை மலிவாக வேலைக்கு அமர்த்துவதற்கும் எதிராகவே அவர்கள் கிளர்ந்தனர். அரசு சட்டகம் உடைப்போருக்கு மரண தண்டனை விதிக்கும் மசோதாவைக் கொண்டுவந்தது. 1812 பெப்ரவரி 27இல் பிரபுக்கள் சபையில் தமது கன்னிப் பேச்சை நிகழ்த்திய கவிஞர் பைரன் அதனை எதிர்த்தார். எனினும் அது சட்டமாயிற்று.

இங்கே ஒன்றைக் குறித்துக்கொள்ள வேண்டும். 'பயிற்சி பெறாதவன் நமது தொழிலில் நுழையக்கூடாது' என்பது 1811இல் பட்டினிக்கு எதிரான தற்காப்புக் கேடயம். 1864இல் லவ்பரோவைச் சேர்ந்த வில்லியம் கொட்டன் பல உறுப்படிகளை ஒருங்கே வடிவமைத்துப் பின்னும் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். தொழில் மெல்ல மெல்ல வீட்டைவிட்டு ஆலைக்குப் பெயர்ந்தது. ஆனால் அந்தக் கேடயமும் உடன்வந்தது. ஆலையின் உயர்ந்த கூலி பின்னற்காரருக்கே உரியது; அந்த இடத்துக்கு யார் வரலாம் என்பதில் அவர்கள் கண்ணும் கருத்துமாக இருந்தனர். பெண்களுக்குத் தையல், நம்மைப் போல் வெளிநாட்டிலிருந்து வந்தவர்களுக்குக் கண்ணி மாட்டும் வேலை.

இரண்டு ஆண்டுகளின் பின், பின்னற் பயிற்சிக்கு நம்மையும் எடுக்கும்படி கேட்டோம். நம்முடன் பஞ்சாபித் தோழரும் கேட்டார். அது பின்னற்காரரின் பிள்ளைகளுக்குரிய இடம் என்று மேற்பார்வையாளர் சிரித்துக்கொண்டே சொன்னார். தொழிற்சங்கக் கூட்டத்தில் விடயத்தை எடுத்தோம். யாரும் நம்மைத் திட்டவில்லை. அடுத்த விடயத்துக்குச் சென்றனர். ஊசி நேராக்கக் கற்றுத் தந்த அந்த முதியவரும் அங்கே இருந்தார். அவர் குனிந்து தமது தேநீர்க் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த நாள் வழக்கம்போல நம்மை அழைத்து ஊசிகளைக் காட்டினார். நாமும் வழக்கம்போலக் கற்றுக்கொண்டோம்.

அவரை நாம் கயவர் என்று சொல்லமாட்டோம். முப்பாட்டன் கையிலிருந்த கேடயம் பேரன் கையிற் சுவராகிவிட்டதை அவர் உணரவில்லை. அச்சுவரினால் இலாபம் அடைந்தவர் முதலாளியே. தொழிலாளர் தமக்குள்ளே பிரிந்து நிற்கும்வரை கண்ணி மாட்டுவோரின் கூலியை அவர் உயர்த்த வேண்டியிருக்கவில்லை.

நாம் அவ்விடத்தை விட்டு வந்து மூன்று ஆண்டுகளின் பின், 1972 ஒக்டோபரில், லவ்பரோவிலுள்ள மான்ஸ்ஃபீல்ட் ஹோசியரி ஆலையில் ஆசியத் தொழிலாளர் நூற்றுக்கணக்கானோர் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். உயர்ந்த கூலி பெறும் பின்னல் வேலை தமக்கு மறுக்கப்படுவதே அவர்களின் முதன்மையான முறைப்பாடு. தொழிற்சங்கம் முதலிற் தயங்கிற்று. வற்புறுத்தலின் பின்னரே வேலைநிறுத்தத்தை அங்கீகரித்தது. வெள்ளைப் பின்னற்காரரோ வேலையிலேயே நின்றனர். ஆயினும் அரசு விசாரணைக் குழுவொன்றை அமைக்க நேர்ந்தது. நாம் ஒரு கூட்டத்திற் கேட்டு விட்டுவிட்ட கேள்வி நாடு முழுவதும் கேட்டது.

நமது குற்றத்தையும் இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். பயிற்சி கேட்டபோது நாம் நமக்காக மட்டுமே கேட்டோம். அதே மண்டபத்திற் தைத்துக்கொண்டிருந்த பெண்களும் பின்னற்காரர் ஆகலாமே என்று நமக்குத் தோன்றவேயில்லை. 'மீ டக்' என்ற அழைப்பை இனிமையாக நினைவு வைத்திருக்கும் நாம், அழைத்தவள் என்ன கூலி பெற்றாள் என்று ஒருநாளும் கேட்டதில்லை. பிரித்தானியாவின் சமச் சம்பளச் சட்டம் 1970இல் நிறைவேறி, 1975இன் இறுதியிலேயே நடைமுறைக்கு வந்தது.

ஆகவே நினைவின் இனிமை பொய்யன்று. அது முதலாளி தந்ததுமன்று. கைத்திறனும் தோழமையும் தொழிலாளர் தாமே உண்டாக்கிக்கொண்டவை. சுரண்டலின் நடுவிலும் அவர்கள் அவற்றை உண்டாக்கினர். ஆனால் அந்தத் தோழமையின் எல்லை எதுவரை சென்றது, வாசலுக்கு வெளியே நின்றவர் யார் என்று கேளாத நினைவு, பாதி வரலாறே ஆகும்.

அந்த ஆங்கில ஆலைகளிற் பெரும்பாலானவை இருபதாம் நூற்றாண்டின் இறுதிக்குள்ளும் அதனை அடுத்தும் மூடப்பட்டன. பிரித்தானியக் கடைகளுக்கான உடைகள் ஆசியாவிற் தைக்கப்படலாயின. நமது நாட்டிலும் 1978இற் கட்டுநாயக்காவில் சுதந்திர வர்த்தக வலயம் திறக்கப்பட்டது. கிராமங்களிலிருந்து இளம்பெண்கள் அங்கே திரண்டனர். 2011இல் ஓய்வூதியச் சட்டமூலத்துக்கு எதிராக அவ்வலயத் தொழிலாளர் எழுந்தபோது துப்பாக்கிச் சூடு நடந்து ஓர் இளைஞர் உயிரிழந்தார், சட்டமூலம் மீளப்பெறப்பட்டது.

அவர்களிற் பலர் இன்று ஊர் திரும்பித் தாய்மாராகவும் மாமிமாராகவும் நம்மிடையே வாழ்கின்றனர். ஆசிரியர்கள் தம் மாணவரை அவர்களிடம் அனுப்ப வேண்டும். அங்கே மகிழ்ச்சியாக இருந்த நாட்கள் எவை என்று மாணவர் முதலிற் கேட்கட்டும். பதிலை முழுமையாகக் கேட்டு எழுதிக்கொள்ளட்டும். அதன்பின், அந்த மகிழ்ச்சியிற் பங்கு கிடைக்காதவர் யார் என்றும் கேட்கட்டும். இவ்விரண்டாம் கேள்வியை நம்மிடம் எவரும் கேட்கவில்லை. நாமாகக் கேட்டுக்கொள்ள ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.