பேச்சா, நெட்டா?

2009, நவம்பர் மாதம். அமெரிக்காவில் டி.வி.யைப் போட்டால் மேப், மேப், மேப். பள்ளிக்கூடத்து பூகோள மேப் இல்லை. செல்போன் கம்பெனியின் மேப்.

வெரைஸான் கொடுத்த விளம்பரம் அது. இடது பக்கம் தன்னுடைய 3ஜி கிடைக்கும் இடங்கள். ஏறக்குறைய நாடு முழுக்கச் சிவப்பு. வலது பக்கம் போட்டிக்காரரான ஏ.டி. அண்ட் டி.யின் 3ஜி. அங்கே கொஞ்சம், இங்கே கொஞ்சம் நீலப் பொட்டு. மீதி எல்லாம் வெள்ளை. ஐபோன் விளம்பரங்களில் 'அதற்கும் ஒரு ஆப் இருக்கிறது' என்று வரும் வசனத்தைக் கிண்டலடித்து, 'அதற்கும் ஒரு மேப் இருக்கிறது' என்று ஒரு பஞ்ச் வேறு. அந்த ஐபோனை அமெரிக்காவில் விற்கிற உரிமை அப்போது ஏ.டி. அண்ட் டி. ஒருவருக்குத்தான். சும்மா இருப்பார்களா?

நவம்பர் 3ம் தேதி அட்லாண்டா கோர்ட்டில் கேஸ். 'மேப் பொய் இல்லை ஐயா. ஆனால் வெள்ளையாகக் கிடக்கும் இடத்தில் எங்கள் சிக்னலே கிடையாது என்று ஜனங்கள் நினைத்துக்கொள்வார்கள். அங்கேயும் எங்கள் பழைய, மெதுவான நெட்வொர்க் இருக்கிறது' என்பது வாதம். வெரைஸான் பதில் சொன்னது. 'விளம்பரம் பொய் என்பதால் இவர்கள் கேஸ் போடவில்லை. உண்மை என்பதால் போட்டிருக்கிறார்கள். உண்மை வலிக்கிறது.' விளம்பரத்துக்கு உடனடித் தடை கேட்டார்கள். நீதிபதி தரவில்லை. டிசம்பர் 2ம் தேதி கேஸே வாபஸ்.

ஆனால் அதற்குள் எதிர்த் தரப்பில் ஓர் ஆயுதம் கண்டுபிடித்துவிட்டார்கள். ஐபோன் விளம்பரம்தான். ஒருவர் போனில் பேசிக்கொண்டே இருக்கிறார். பேச்சை நிறுத்தாமல் அதே போனில் நெட்டில் எதையோ தேடுகிறார். கடைசியில் ஒரே ஒரு கேள்வி. 'உங்கள் போனும் உங்கள் நெட்வொர்க்கும் இதைச் செய்யுமா?'

வெரைஸானிடம் பதில் இல்லை. ஏனென்றால் அவர்களுடைய 3ஜியில் அது முடியாது. பேசினால் நெட் நிற்கும். நெட் வேண்டுமென்றால் பேச்சை முடிக்க வேண்டும்.

இரண்டு தரப்பும் சொன்னது உண்மை. இரண்டு தரப்பும் சொன்னது பாதி. நாம் பார்க்கப் போவது சொல்லாத அந்த மீதிப் பாதியை.

முதலில் ஒரு குடும்ப விவகாரம். இந்த இருவரும் பங்காளிகள். ஒரு காலத்தில் அமெரிக்காவின் டெலிபோன் என்றால் பெல் கம்பெனிதான். செல்லமாக 'மா பெல்'. ஒரே கம்பெனி இவ்வளவு பெரிதாக இருப்பது ஆபத்து என்று அரசாங்கம் வழக்குத் தொடர, 1984 ஜனவரி 1ம் தேதி பாகப் பிரிவினை நடந்தது. உள்ளூர் டெலிபோன் சேவை ஏழு பிராந்தியக் கம்பெனிகளுக்குப் போனது. அந்த ஏழு பிள்ளைகளில் ஒன்று பெல் அட்லாண்டிக். அதுதான் 2000ல் வெரைஸான் ஆனது. இன்னொன்று சவுத் வெஸ்டர்ன் பெல். அது வளர்ந்து, 2005ல் தாய்க் கம்பெனியையே விலைக்கு வாங்கி, தாயின் பெயரையே வைத்துக்கொண்டது. அதுதான் இந்த ஏ.டி. அண்ட் டி. பிள்ளை அம்மாவை வாங்குகிற கதை எல்லாம் கார்ப்பரேட் உலகில் மட்டுமே சாத்தியம்!

சரி, ஒரே வீட்டுப் பிள்ளைகளில் ஒருவரால் முடிவது மற்றவரால் ஏன் முடியவில்லை? அதற்கு இருபது வருஷம் பின்னால் போக வேண்டும். 1989. சான் டியகோ.

அப்போது அமெரிக்க செல்போன்கள் எல்லாம் அனலாக். ஆள் சேரச் சேர அலைவரிசை நிரம்பி வழிந்தது. டிஜிட்டலுக்கு மாறாவிட்டால் கதை கந்தல். எப்படி மாறுவது? தொழிலில் பெரும்பாலோர் தேர்ந்தெடுத்த வழிக்கு டி.டி.எம்.ஏ. என்று பெயர். ஒரே அலைவரிசையை நேரத்தால் கூறு போட்டு, ஆளுக்குத் துளி நேரம் என்று முறை வைத்துக் கொடுப்பது. நியாயமான ரேஷன் கடை வரிசை.

குவால்காம் என்ற, அதிகம் பேர் கேள்விப்படாத நான்கு வயதுக் கம்பெனி வேறு ஒன்று சொன்னது. வரிசையே வேண்டாம். எல்லோரும் ஒரே நேரத்தில் பேசட்டும்!

சென்ட்ரல் ஸ்டேஷனை நினைத்துக்கொள்ளுங்கள். தமிழ், தெலுங்கு, இந்தி, வங்காளம் என்று ஒரே இரைச்சல். ஆனாலும் உங்கள் மச்சான் தமிழில் கூப்பிட்டால் உங்கள் காதில் விழுகிறதல்லவா? மற்ற மொழிகள் வெறும் சத்தமாக ஒதுங்கிவிடுகின்றன. ஒவ்வொரு போனுக்கும் ஒரு தனிச் சங்கேதம் கொடுத்துவிட்டால் இதே காரியத்தைச் செல்போனிலும் செய்யலாம். இதுதான் சி.டி.எம்.ஏ. குவால்காமின் இர்வின் ஜேக்கப்ஸ் இதை விளக்கியபோது நிபுணர்கள் பலர் நம்பவில்லை. நடைமுறைக்கு ஒத்து வராது என்றார்கள்.

நம்பியவர்களில் ஒருவர் பாக்டெல். கலிபோர்னியாவில் செல்போன் சேவை நடத்திய கம்பெனி. பத்து லட்சம் டாலர் கொடுத்து, செய்து காட்டச் சொன்னார்கள். 1989 நவம்பரில் சான் டியகோவில் ஒரு வேனில் போனை வைத்து ஓட்டிக் காட்டினார்கள். வேலை செய்தது. அந்த பாக்டெல்லின் செல்போன் பிரிவு பிற்பாடு ஏர்டச் என்று பெயர் மாறி, 1999ல் வோடஃபோன் கைக்குப் போய், 2000ல் பெல் அட்லாண்டிக்குடன் சேர்ந்தது. அப்படிப் பிறந்ததுதான் வெரைஸான் வயர்லெஸ். ஆக, சி.டி.எம்.ஏ. என்பது வெரைஸானுக்குப் பரம்பரைச் சொத்து.

அடுத்து இன்டர்நெட் வந்தது. இங்கேதான் கவனிக்க வேண்டும்.

பேச்சு வேறு, டேட்டா வேறு. பேச்சு காத்திருக்காது. 'ஹலோ' அரை விநாடி தாமதமாக வந்தாலே எரிச்சல் வரும். ஆனால் ஈமெயில் இரண்டு விநாடி தாமதமானால் யாருக்கும் தெரியாது. குணம் வேறாக இருப்பவர்களை ஒரே அறையில் ஏன் குடி வைக்க வேண்டும் என்று யோசித்தார்கள் குவால்காம் இன்ஜினீயர்கள். பேச்சுக்கு ஒரு பாதை, டேட்டாவுக்கு மட்டும் ஒரு தனிப் பாதை. இ.வி.டி.ஓ. என்று பெயர். கடைசி இரண்டு எழுத்துக்கு ஆரம்பத்தில் கொடுத்த அர்த்தமே 'டேட்டா மட்டும்' என்பதுதான். அப்புறம் அந்த 'மட்டும்' விற்பனைக்கு இடிக்கும் என்றோ என்னவோ, விரிவாக்கத்தை மாற்றிவிட்டார்கள்.

இதில் லாபம் ஏராளம். ஒரு பாதைக்கு 1.25 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசை போதும். ஏற்கெனவே இருக்கும் நெட்வொர்க்கின் மேலேயே படிப்படியாகக் கட்டிக்கொண்டு போகலாம். 2003 அக்டோபரில் வாஷிங்டனிலும் சான் டியகோவிலும் வெரைஸான் இதை ஆரம்பித்தது. மற்றவர்கள் சுதாரிப்பதற்குள் நாடு முழுக்கப் பரப்பியது. மேப் சிவப்பானது இப்படித்தான்.

நஷ்டம்? அன்றைய சாதாரண போன் ஒரு நேரத்தில் ஒரு பாதையில்தான் நிற்க முடியும். நெட்டில் இருக்கும்போது கால் வந்து, எடுத்துப் பேசினால், போன் டேட்டா பாதையை விட்டு இறங்கிப் பேச்சுப் பாதைக்கு ஓட வேண்டும். அவ்வளவுதான் விஷயம். யாருடைய அலட்சியமும் இல்லை. எந்த முடிவு வெரைஸானுக்குச் சீக்கிரமாக வேகத்தைக் கொடுத்ததோ, அதே முடிவுதான் அதன் கையையும் கட்டியது.

ஏ.டி. அண்ட் டி. வந்தது ஜி.எஸ்.எம். வழியில். அந்தக் குடும்பத்தின் 3ஜியில் 5 மெகாஹெர்ட்ஸ் அகலமுள்ள ஒரே ரோடு. பேச்சும் டேட்டாவும் சேர்ந்தே போகும். பேசிக்கொண்டே நெட் பார்க்கலாம். ஆனால் அகலமான ரோடுக்கு அகலமான நிலம் வேண்டும். புதுக் கருவிகள் வேண்டும். நேரமும் பணமும் வேண்டும். 2004ல் அந்தத் தரப்பில் 3ஜி ஆரம்பித்தபோது சியாட்டில், சான் ஃபிரான்சிஸ்கோ, டெட்ராய்ட், ஃபீனிக்ஸ் என்று நாலே நாலு ஊர். அதனால்தான் 2009லும் மேப்பில் நீலம் வெறும் பொட்டு.

நான் காமர்ஸ் படித்தவன். எனக்கு இதைப் பார்த்தால் ஒரே பேரேட்டின் இரண்டு பக்கம் மாதிரித் தெரிகிறது. ஒருவரின் வரவு எதுவோ, அதுவே இன்னொருவரின் செலவு. விளம்பரத்தில் அவரவர் வரவுப் பக்கத்தை மட்டும் காட்டினார்கள்.

ஏ.டி. அண்ட் டி. மறைத்த செலவுப் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். நீலப் பொட்டுக்கு வெளியே, அந்தப் பழைய நெட்வொர்க்கில், அவர்களுக்கும் பேசும்போது நெட் நிற்கும்! 2007 ஜூனில் வந்த முதல் ஐபோனுக்கு 3ஜியே கிடையாது. அதில் பேசிக்கொண்டே நெட் பார்க்க முடியாது. அடுத்த வருஷம் வந்த 3ஜி ஐபோனிலும், 3ஜி இருக்கும் ஊரில்தான் முடியும். 'இதைச் செய்யுமா?' என்று கேட்டவர்கள், 'எங்கே செய்யும்?' என்பதைச் சொல்லவில்லை.

சரி, வேகம்? காகிதத்தில் ஏ.டி. அண்ட் டி.க்கு விநாடிக்கு 7.2 மெகாபிட். வெரைஸானுக்கு 3.1. இரு மடங்குக்கு மேல். ஆனால் இந்த எண் உங்களுக்கு மட்டும் சொந்தமானதில்லை. ஒரு டவரின் கீழ் இருக்கும் அத்தனை பேரும் பங்கு போட்டுக்கொள்ள வேண்டிய எண். ஐபோன் கூட்டம் மொய்த்த நியூயார்க்கிலும் சான் ஃபிரான்சிஸ்கோவிலும், வேகத்தை விடுங்கள், பேச்சே பாதியில் அறுந்து விழுந்தது. ஸ்மார்ட்போன்காரர்களில் 3 சதவிகிதம் பேர் 40 சதவிகித டேட்டாவை உறிஞ்சுகிறார்கள் என்று 2009 டிசம்பரில் ஏ.டி. அண்ட் டி.யின் ரால்ஃப் டி லா வேகா சொன்னார். மறு வருஷம் ஜூனில் புது வாடிக்கையாளர்களுக்கு அன்லிமிடெட் திட்டமே போச்சு. 200 எம்.பி.க்கு 15 டாலர், 2 ஜி.பி.க்கு 25 டாலர்.

2011, பிப்ரவரி 10. வெரைஸானிலும் ஐபோன் விற்பனை ஆரம்பம். இப்போது ஒரே போன், இரண்டு நெட்வொர்க். நேருக்கு நேர் சோதித்துப் பார்க்க இதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைக்குமா? பத்திரிகைக்காரர்கள் இரண்டையும் கையில் வைத்துக்கொண்டு ஊர் ஊராகச் சோதித்தார்கள். டவுன்லோடு வேகத்தில் பெரும்பாலும் ஏ.டி. அண்ட் டி. முன்னால். கால் அறுந்துபோகாமல் நிற்பதில் வெரைஸான் முன்னால். ஜனங்கள் என்ன செய்தார்கள்? முதல் மூன்று மாதக் கணக்கில் வெரைஸான் 22 லட்சம் ஐபோன்கள். ஏ.டி. அண்ட் டி. 36 லட்சம். இரண்டு கடையிலும் கூட்டம். அவரவர் ஊரில், அவரவர் தேவைக்கு எது ஒத்து வந்ததோ, அதை வாங்கிக்கொண்டு போனார்கள்.

இதற்குள் 4ஜி வந்துவிட்டது. 2010 டிசம்பர் 5ம் தேதி வெரைஸான் 38 பெருநகரப் பகுதிகளில் எல்.டி.இ.யை ஆரம்பித்தது. அதில் ஒரு வேடிக்கை. ஆரம்பத்தில் எல்.டி.இ.யில் பேச்சே கிடையாது. முழுக்க டேட்டா. பேச வேண்டுமானால் பழைய பாதைக்கு இறங்க வேண்டும். 2011ல் வந்த எச்.டி.சி. தண்டர்போல்ட் போனில் பேச்சுக்கும் டேட்டாவுக்கும் ஒரே நேரத்தில் இயங்கும் ஏற்பாடு வைத்தார்கள். பேசிக்கொண்டே நெட் பார்க்க முடிந்தது. பேட்டரிதான் பாவம். 2012ல் வந்த ஐபோன் 5ல் அந்த ஏற்பாடு இல்லை. வெரைஸான் வாடிக்கையாளருக்குப் பழைய கட்டுப்பாடே தொடர்ந்தது.

தீர்வு கடைசியில் வேறு திசையிலிருந்து வந்தது. பேச்சையே டேட்டாவாக மாற்றிவிட்டால்? குரலைத் துண்டு துண்டாக்கி, மற்ற டேட்டா போகும் அதே ரோட்டில், ஆம்புலன்ஸுக்கு வழிவிடுவது போல முன்னுரிமை கொடுத்து அனுப்புவது. இதுதான் வோல்ட்டி. 2014ல் வெரைஸான் இதை நாடு முழுக்கக் கொண்டு வந்தது. அத்தனை கோடி டாலர் விளம்பரச் சண்டையின் காரணமே காணாமல் போனது.

நமக்கும் இதில் சம்பந்தம் உண்டு. 2002 டிசம்பரில் ரிலையன்ஸ் ஆரம்பித்ததும், டாடா இண்டிகாமும் இதே சி.டி.எம்.ஏ. ரகம்தான். பிற்பாடு 2016 செப்டம்பரில் வந்த ஜியோ, 2ஜியும் இல்லாமல் 3ஜியும் இல்லாமல், பேச்சை முழுக்க வோல்ட்டியிலேயே அனுப்பியது. பழைய பாதை இருந்தால்தானே இறங்க முடியும்? ஆனால் கட்டுப்பாடு முழுசாக ஒழிந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். இரண்டு சிம் போட்ட போனில் ஒரு சிம்மில் பேசும்போது அடுத்த சிம்மின் நெட் நின்றுபோவதைப் பார்த்திருப்பீர்கள். பல போன்களில் இன்றும் அப்படித்தான். உள்ளே அதே பழைய கதை. ஒரே ரேடியோ, இரண்டு எஜமானர்கள்.

2022 பிப்ரவரியில் ஏ.டி. அண்ட் டி. தன் 3ஜியை அணைத்தது. அதே வருஷம் டிசம்பர் 31ம் தேதி வெரைஸானும் சி.டி.எம்.ஏ.வுக்கு மூடுவிழா நடத்தியது. சிவப்பு மேப், நீல மேப் இரண்டும் சரித்திரம் ஆகிவிட்டன.

யார் ஜெயித்தார்கள் என்று கேட்பீர்கள். ஏ.டி. அண்ட் டி.யின் அந்த அகலமான 3ஜி ரோடு இருக்கிறதே, அதன் அடிப்படையும் சங்கேதம் கொடுத்துப் பிரிக்கிற சி.டி.எம்.ஏ. உத்திதான். இரண்டு பக்கத்துப் போன்களுக்கும் குவால்காமுக்கு ராயல்டி போய்க்கொண்டிருந்தது. பங்காளிகள் டி.வி.யில் அடித்துக்கொண்டபோது, கல்லாவில் சத்தமில்லாமல் ஒருவர் உட்கார்ந்திருந்தார்.

அமெரிக்கர்கள் அவ்வளவு காசு கொடுத்துக் கற்ற பாடம் நமக்கு இலவசம். நாளைக்கே ஒரு விளம்பரம், 'நாங்கள்தான் நாட்டிலேயே வேகமானவர்கள்' என்று சொல்லும். எண் பொய்யாக இருக்காது. நீங்கள் கேட்க வேண்டியது மூன்றே கேள்வி. என் தெருவில் எவ்வளவு? ராத்திரி எட்டு மணிக்கு எவ்வளவு? நான் பேசிக்கொண்டிருக்கும்போது எவ்வளவு?

கடைக்காரருக்குப் பதில் தெரியாமல் இருக்கலாம். பக்கத்து வீட்டுக்காரருக்குத் தெரியும். அவரைக் கேளுங்கள்.