பழைய பாய்மரப் படகு வாங்கி கடலுக்குப் போகலாமா? பணம் கொடுக்கும் முன் பார்க்க வேண்டிய 7 விஷயங்கள்!

வேலையை விட்டுட்டு, ஒரு பழைய பாய்மரப் படகை வாங்கி, பெயின்ட் அடிச்சு, உலகம் சுத்தக் கிளம்பும் ஜோடிகளை ரீல்ஸில் பார்த்திருப்பீங்க. 1970, 80-களில் ஒரே அச்சில் நூற்றுக்கணக்கில் வார்த்துத் தள்ளிய ஃபைபர் படகுகள் வெளிநாடுகளில் செகண்ட் ஹேண்ட் கார் விலைக்கே கிடைக்கின்றன. 'நாமளும் ஒண்ணு வாங்கினா என்ன?' என்று ஒரு நிமிஷமாவது தோன்றியிருக்கும்.

தோன்றினதுல தப்பே இல்லை. ஆனால், மிதக்கிற படகு எல்லாமே கடலுக்கான படகு கிடையாது. இது திருவள்ளூர் மாவட்டத்துக்காரர்களுக்குப் புதுசா சொல்ல வேண்டிய விஷயமில்லை. கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலிருந்து பைக்கை எடுத்தால் ஒரு மணி நேரத்துக்குள் பழவேற்காடு. ஏரிக்குள் தண்ணீர் கண்ணாடி மாதிரி கிடக்கும். அதே ஏரி கடலைத் தொடும் முகத்துவாரத்தில் கதையே வேறு. 2011 டிசம்பர் 25 அன்று அங்கே உல்லாசச் சவாரி போன படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். எந்தப் படகு, எந்தத் தண்ணீர், எத்தனை பேர் என்ற மூன்று கேள்விக்கும் கரையிலேயே பதில் தெரிந்திருக்க வேண்டும்.

பழைய படகால் முடியுமா?

முடியும். அதற்கு நம்ம ஊர் சாட்சியே இருக்கிறது. இந்தியக் கடற்படையின் முன்னாள் அதிகாரி அபிலாஷ் டோமி, 2022 செப்டம்பர் 4-ல் பிரான்ஸிலிருந்து கிளம்பி, எங்கும் நிற்காமல் தனியாக உலகைச் சுற்றி, 2023 ஏப்ரல் 29-ல் கோல்டன் குளோப் பந்தயத்தில் இரண்டாவதாக வந்தார். அவருடைய 'பயானத்' படகு ரஸ்லர் 36 என்ற மாடல். 1980-ல் வடிவமைத்தது.

இந்தப் பந்தயத்தின் விதியே பழைய படகுதான். 32 முதல் 36 அடி நீளம், 1988-க்கு முந்தைய வடிவமைப்பு, முன்னாலிருந்து பின்னால் வரை நீண்ட கீல் (நம்ம ஊர்ப் படகு கட்டுபவர்கள் 'ஏரா' என்பார்கள்), அதன் பின்விளிம்பில் பொருத்திய சுக்கான். எல்லாத்துக்கும் முன்னோடி ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டனின் 'சுஹைலி'. 1969-ல் முதன்முதலாக தனியாக, நிற்காமல் உலகைச் சுற்றிய அந்த 32 அடி தேக்குப் படகு பிறந்தது பம்பாயில்!

அதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு நம்பிவிடவும் முடியாது. 2022-ல் கிளம்பிய 16 பேரில், நடுவில் எங்கும் நிற்காமல் முடித்தவர்கள் 3 பேர்தான். பின்லாந்தின் டாபியோ லெஹ்டினென் ஓட்டிய 1965-ம் வருடப் படகு, 2022 நவம்பர் 18-ல் தென்னாப்பிரிக்காவுக்கு அப்பால் சுமார் 5 நிமிடத்தில் மூழ்கிப்போனது. உயிர்காப்பு மிதவையில் காத்திருந்த அவரை மீட்டது, பின்னாளில் அந்தப் பந்தயத்தையே வென்ற கிர்ஸ்டன் நொய்ஷேஃபர். நல்ல மாடல் என்பது பாதிக் கணக்கு. அந்தக் குறிப்பிட்ட படகு இன்றைக்கு எப்படி இருக்கு என்பது மீதிக் கணக்கு. இரண்டையும் எப்படிப் பார்ப்பது?

1. எந்தத் தண்ணீருக்குக் கட்டினது?

ஐரோப்பாவில் 1998 முதல் படகுகளை நான்கு வகையாகப் பிரித்து முத்திரை குத்துகிறார்கள். 'டி' என்றால் அமைதியான ஏரி, 0.3 மீட்டர் வரை அலை. 'சி' கரையோரம், 2 மீட்டர். 'பி' கரை தாண்டிய கடல், 4 மீட்டர். 'ஏ' பெருங்கடல், அதற்கும் மேல். அதற்கு முந்தைய படகில் இந்த முத்திரை இருக்காது. அப்போ என்ன செய்வது? அந்த மாடல் இதற்கு முன் எங்கெல்லாம் போய்வந்திருக்கிறது என்று தேடுங்கள். அதே மாடல் பத்து தடவை அட்லாண்டிக்கைத் தாண்டியிருந்தால், அது நல்ல அறிகுறி. விளம்பரத்தில் 'ஓஷன் ரெடி' என்று எழுதியிருப்பதை மட்டும் அறிகுறியாக எடுத்துக்காதீங்க.

2. கவிழ்ந்தால் எழுமா?

1979-ல் இங்கிலாந்து, அயர்லாந்து பக்கம் நடந்த ஃபாஸ்ட்நெட் பந்தயத்தில் 303 படகுகள் புயலில் மாட்டின. 15 போட்டியாளர்கள் இறந்தார்கள். அதற்குப் பிறகு வந்ததுதான் 'கவிழ்வுக் கணக்கு'. போன் கால்குலேட்டரிலேயே போடலாம். படகின் எடையை பவுண்டில் எழுதி 64-ஆல் வகுத்து, கன மூலம் எடுங்கள். படகின் அதிகபட்ச அகலத்தை (அடியில்) அந்த எண்ணால் வகுங்கள். விடை 2-க்குக் கீழே இருந்தால் வெளிக்கடலுக்கு யோசிக்கலாம்.

ரஸ்லர் 36-க்குப் போட்டுப் பார்ப்போம். அகலம் 11 அடி, எடை சுமார் 16,800 பவுண்டு. விடை 1.72. அதே நீளத்தில் 12 அடி அகலமும் 12,000 பவுண்டு எடையும் உள்ள ஒரு படகை எடுத்துக்கொண்டால் 2.1 வரும். உள்ளே இடம் தாராளமா இருக்கும், மெத்தை பெருசா இருக்கும். ஆனால், புயலில் தலைகீழாகப் புரண்டால் அப்படியே கிடக்க வாய்ப்பு அதிகம்.

இந்தக் கணக்குக்கு ஒரு குறை உண்டு. எடை எங்கே இருக்கு என்று அதற்குத் தெரியாது. அதனால், மொத்த எடையில் கீலுக்குள் இருக்கும் அடிபாரம் எத்தனை சதவிகிதம் என்றும் பாருங்கள். ரஸ்லரில் சுமார் 45 சதவிகிதம், அதுவும் ஈயம். எத்தனை டிகிரி சாய்ந்தும் தானாக நிமிரும் என்ற கணக்கும் பல மாடல்களுக்குக் கிடைக்கும். 120 டிகிரிக்கு மேல் இருந்தால் நல்லது.

3. கீலும் சுக்கானும்

பழைய படகுகளில் பலவற்றுக்கு கீல் உடம்போடு சேர்ந்தே இருக்கும். பிறகு வந்த பலவற்றில் கீலைத் தனியாகச் செய்து போல்ட் போட்டு முடுக்கியிருப்பார்கள். போல்ட் முறையே தப்பு என்று அர்த்தமில்லை. தரை தட்டிய படகில் அந்த இணைப்பு பலவீனமாகியிருக்கலாம் என்பதுதான் பயம். 2014 மே மாதம் அட்லாண்டிக்கில் 'சீக்கி ரஃபிகி' என்ற படகின் கீல் கழன்று, அதிலிருந்த 4 பிரிட்டிஷ் மாலுமிகளும் மாண்டார்கள். எனவே விற்பவரிடம் முதல் கேள்வி: "எப்பவாவது தரை தட்டியிருக்கா?" கீல் சேரும் இடத்தில் விரிசல், துருக் கசிவு, புதுசா பூசின தடம் இருந்தால் அங்கேயே நில்லுங்கள்.

சுக்கானைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். லொட லொட என்றால் செலவு இருக்கிறது. எதன் ஆதரவும் இல்லாமல் தனியாகத் தொங்கும் சுக்கான், மிதக்கும் மரக்கட்டை மோதினால் முதலில் போகும்.

4. ஃபைபர் உடம்பு

பிளாஸ்டிக் தலை உள்ள சின்னச் சுத்தியலால் தட்டிக்கொண்டே போங்கள். 'டக் டக்' என்று கணீரென்று கேட்டால் நல்லது. 'தொப் தொப்' என்று மந்தமாகக் கேட்டால் உள்ளே அடுக்கு பிரிந்திருக்கிறது. பல படகுகளின் மேல்தளத்தில் இரண்டு ஃபைபர் அடுக்குக்கு நடுவே பால்சா என்ற லேசான மரம் இருக்கும். ஒரு ஸ்க்ரூ ஓட்டை வழியாகத் தண்ணீர் இறங்கினாலே அது ஊறி மக்கிவிடும். நடக்கும்போது தரை அமுங்கினால் அதுதான் காரணம்.

அடிப்பாகத்தில் கொப்புளங்கள் இருக்கலாம். பார்த்தால் பயமா இருக்கும். சில கொப்புளங்கள் என்றால் சுரண்டி, காயவைத்து, எபாக்ஸி பூசிச் சரிசெய்துவிடலாம். ஊறிப்போன மேல்தளத்துக்கு ஆகும் வேலை அதைவிடப் பெரியது. விலை பேசும்போது இந்த வித்தியாசத்தை மறக்காதீங்க.

5. பாய்மரத்தைத் தாங்கும் எஃகு

சிப்காட்டில் குவாலிட்டி பிரிவில் வேலை பார்ப்பவர்களுக்கு இது உடனே புரியும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வெளியே பளபளக்கும். ஆனால், காற்றுப் படாமல் ஈரம் தேங்கும் இடுக்கில் அரித்துக்கொண்டே இருக்கும். பாய்மரத்தை இழுத்துப் பிடிக்கும் கம்பிகள் படகின் உடம்போடு சேரும் பட்டைகள், மேல்தளத்தைத் துளைத்துக்கொண்டு போகும் இடம் அப்படிப்பட்ட இடுக்குதான். கழற்றிப் பார்க்காமல் தெரியாது.

கம்பிகளுக்கு ஆயுள் பொதுவாக 10 முதல் 15 வருடம். எப்போ மாற்றினது என்பதற்கு பில் இல்லை என்றால், மாற்றவே இல்லை என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். பாய்மரம் போனால் என்ன ஆகும் என்பதற்கும் அபிலாஷ் டோமியே உதாரணம். 2018 செப்டம்பர் 21-ல் தெற்கு இந்தியப் பெருங்கடலில் புயலில் அவருடைய 'துரியா' படகு புரண்டு, பாய்மரம் உடைந்தது. முதுகுத்தண்டில் அடி. 3 நாள் கழித்து பிரெஞ்சுக் கப்பல் வந்து மீட்டது.

6. தண்ணீர் நுழையும் வழிகள்

நீர்மட்டத்துக்குக் கீழே எத்தனை ஓட்டை இருக்கிறது என்று எண்ணுங்கள். கழிவறை, இன்ஜின் குளிர்விப்பு, சிங்க் என ஒவ்வொன்றுக்கும் ஒரு வால்வு இருக்கும். அது சாதாரணப் பித்தளையாக இருந்தால், உப்புத் தண்ணீர் அதிலிருக்கும் துத்தநாகத்தைத் தின்றுவிடும். இளஞ்சிவப்பாக மாறி, கையால் உடைக்கும் அளவுக்குப் போயிருக்கும். வெண்கலம்தான் வேண்டும். எல்லா வால்வையும் திறந்து மூடிப் பாருங்கள். ஜன்னல்கள் பெருசா இருக்கா, உட்காரும் குழியில் அலை நிறைந்தால் வேகமாக வடியுமா, உள்ளே இறங்கும் வாசலை கெட்டியாக அடைக்க முடியுமா என்பதும் இதே கணக்குதான்.

7. உங்கள் கடலுக்கு ஏற்றதா?

சென்னையிலிருந்து போர்ட் பிளேர் சுமார் 1,200 கி.மீ. மணிக்கு 5 நாட் வேகத்தில் இடைவிடாமல் போனாலும் ஐந்தரை நாள் ஆகும். நடுவில் ஒதுங்க இடம் கிடையாது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வங்கக்கடல் புயல் காலம். அத்தனை நாளுக்கும் குடிநீர் டேங்க் போதுமா? படகு ஆடும்போது விழாமல் தூங்கும் படுக்கை இருக்கா? சுக்கானை யாரும் பிடிக்காமலே காற்றை வைத்துத் திசை காக்கும் கருவி இருக்கா? டோமிக்கு நடுக்கடலில் அந்தக் கருவிதான் திரும்பத் திரும்ப உடைந்தது. எனவே ஸ்பேர் பார்ட்ஸும் கணக்கில் வரணும்.

கடைசியாக, பணம்

படகு விலையைப் பார்த்து முடிவெடுக்காதீங்க. கம்பி, பாய், வால்வு, இன்ஜின், மிதவை, ரேடியோ எல்லாம் சேர்ந்தால் வாங்கின விலையை எட்டிப்பிடிக்கும், சில நேரம் தாண்டும். விற்பவர் சொல்லாத, நீங்களே அமர்த்திய சர்வேயரைக் கூப்பிட்டு, படகைத் தண்ணீரிலிருந்து தூக்கிப் பார்த்த பிறகே முன்பணம். வெளிநாட்டுப் படகு என்றால் சுங்க வரி, பதிவு, காப்பீடு மூன்றையும் எழுத்தில் விசாரித்துவிடுங்கள்.

அதுக்கும் முன்னாடி, பாய் விரிக்கக் கத்துக்கணும். சென்னைத் துறைமுகத்தில் 1911-ல் தொடங்கிய ராயல் மெட்ராஸ் யாட் கிளப் இருக்கிறது, தமிழ்நாடு செய்லிங் சங்கம் இருக்கிறது. ஒலிம்பிக் பாய்மரப் போட்டிக்குத் தகுதிபெற்ற முதல் இந்தியப் பெண்ணான நேத்ரா குமணன் பாய் பிடிக்கப் பழகியதும் சென்னையில்தான். சின்னப் படகில் ஒரு சீசன் நனைந்து, பிறகு வேறு யாராவது ஒருவரின் படகில் உதவியாளாக ஒரு நீண்ட பயணம் போய்ப் பாருங்கள். இரண்டாவது ராத்திரி வாந்தி நின்ற பிறகும் ஆசை குறையவில்லை என்றால், சுத்தியலை எடுத்துக்கொண்டு படகு பார்க்கக் கிளம்பலாம்.