கேட்டுக் கற்கும் தொழில்கள்

தொழில் என்பது புத்தகத்தில் மட்டும் வருவதில்லை. பக்கத்தில் இருப்பவரிடம் கேட்டுக் கேட்டுப் பழகுவதிலும் வருகிறது. திருப்பூர் பனியன் தொழிலாளிக்கும் கணினி நிரல் எழுதுபவருக்கும் இது பொருந்தும். இரண்டு கூட்டத்தையும் அறிஞர்கள் தனித்தனியே ஆராய்ந்துள்ளனர். அருகருகே வைத்துப் பார்த்தால், இரண்டிலும் ஒரே கேள்வி எழுகிறது. கேட்கும் உரிமை யாருக்கு?

பனியன் கம்பெனி

ஷரத் சாரி என்ற ஆய்வாளர் 1990களின் பிற்பகுதியில் திருப்பூரில் கள ஆய்வு செய்து, 2004இல் 'ஃப்ரடெர்னல் கேபிடல்' என்ற நூலை வெளியிட்டார். கிராமத்தில் இருந்து வந்து பனியன் கம்பெனியில் கூலிக்குச் சேர்ந்த கவுண்டர் சமூகத்தினர் பலர், பிற்காலத்தில் முதலாளி ஆனது எப்படி என்பதே அவரது கேள்வி. அவர்கள் சொன்ன பதில் 'உழைப்பு'. மெஷினில் உட்கார்ந்து, துணியையும் கணக்கையும் கடனையும் வேலையோடு வேலையாகப் பழகிக்கொண்டனர். பிறகு கூட்டாளி சேர்த்துச் சொந்தமாகத் தொடங்கினர். நிட்டிங், சாயம், கட்டிங், தையல் எனத் தனித்தனி இடங்களில் ஜாப் ஒர்க் நடக்கும் ஊர் என்பதால் தொழில் அறிவும் கைமாறிக்கொண்டே இருந்தது.

1980களில் ஏற்றுமதி பெருகியபோது பெண்கள் அதிக அளவில் வேலைக்கு வந்தனர். அவர்களில் பலருக்குக் கிடைத்தது கைமடி, பிசிர் வெட்டுதல், செக்கிங் போன்ற வேலைகள். தொழிலாளி முதலாளியாகும் அந்தப் பாதை ஆண்களின் பாதையாகவே இருந்தது என்பதைச் சாரி சுட்டிக்காட்டுகிறார்.

பின்னாளில் நோபல் பரிசு பெற்ற அபிஜித் பானர்ஜியும் கைவன் முன்ஷியும் 2004இல் வெளியிட்ட ஆய்வு இன்னொரு பக்கத்தைக் காட்டியது. கவுண்டர் நிறுவனங்களிடம் முதல் அதிகமாக இருந்தது. வெளியூரார் குறைந்த முதலோடு தொடங்கியும் அவர்களது ஏற்றுமதி வேகமாக வளர்ந்து முந்தியது. அதாவது, திறமை இருந்த இடத்திற்கெல்லாம் பணம் போய்ச் சேரவில்லை.

கணினித் துறை

2008இல் ஜெஃப் அட்வுட், ஜோயல் ஸ்போல்ஸ்கி ஆகியோர் தொடங்கிய 'ஸ்டாக் ஓவர்ஃப்ளோ', நிரலாளர்கள் சந்தேகம் கேட்கும் பெரிய கூடமானது. லீனா மாமிகினா குழுவினரின் 2011 ஆய்வின்படி அங்கு 90 சதவீதத்திற்கும் மேற்பட்ட கேள்விகளுக்குப் பதில் கிடைத்தது. முதல் பதில் வர ஆன இடைநிலை நேரம் 11 நிமிடம்தான். சாதி, ஊர், முதல் எதுவும் கேட்காத இடம் எனலாம்.

ஆனால் டெனே ஃபோர்டும் சக ஆய்வாளர்களும் 2016இல் வேறொன்றைக் கண்டனர். அங்கு பங்கேற்க விடாமல் தடுக்கும் 14 காரணங்களில் 5, ஆண்களை விடப் பெண்களை அதிகம் பாதித்தன. பதில் சொல்லும் தகுதி தனக்கில்லை என்ற நினைப்பு, முன்பின் தெரியாதவர்களிடம் பேசத் தயக்கம் ஆகியவை அவற்றில் அடங்கும்.

முடிவாக

இரண்டு இடத்திலும் அறிவை யாரும் பூட்டி வைக்கவில்லை. ஆனால் கேட்பவர் 'நம்மில் ஒருவர்' என்று கருதப்பட்டால்தான் அது எளிதாகக் கைமாறியது. இன்று பீகார், ஒடிசா மாநிலங்களில் இருந்து ஏராளமானோர் திருப்பூருக்கு வேலைக்கு வருகின்றனர். மொழி தெரியாத ஊரில் தொழில் நுணுக்கத்தை அவர்கள் யாரிடம் கேட்பார்கள்? அதைப் பொறுத்தே அவர்கள் கடைசிவரை கூலிக்காரர்களா, நாளைய முதலாளிகளா என்பது முடிவாகும்.