கும்மிடிப்பூண்டி – திருவள்ளூர் தொழில் வட்டாரம்

சென்னைக்கு வடக்கிலும் மேற்கிலுமாகத் திருவள்ளூர் மாவட்டத்தில் பரந்துள்ள தொழில் வட்டாரம். சென்னை–கொல்கத்தா நெடுஞ்சாலையில் ஏறத்தாழ 45 கி.மீ. தொலைவிலுள்ள கும்மிடிப்பூண்டி இதன் வடமுனை. அதைத் தாண்டினால் எளாவூர் சோதனைச்சாவடி, பிறகு ஆந்திரம். தொழில்நுட்பம் என்றதும் சென்னைக்குத் தெற்கே மென்பொருள் நிறுவனங்கள் நிறைந்த பழைய மாமல்லபுரம் சாலையே பலருக்கும் நினைவில் எழுவதால், டாங்கியும் டயரும் உருக்கும் உருவாகும் இந்த வடபுறத்துக்கு உரிய கவனம் கிடைத்ததில்லை.

எல்லாவற்றுக்கும் அடித்தளம் ரயில். 1856இல் ராயபுரத்திலிருந்து வாலாஜா வரை போடப்பட்ட, தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில்பாதை திருவள்ளூர் வழியாகவே சென்றது. ஆலைகளும் அந்தத் தடத்தை ஒட்டியே எழுந்தன. ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையில் 1965இல் விஜயந்தா டாங்கி உருவானது. 1964இல் தொடங்கிய அம்பத்தூர் தொழிற்பேட்டையின் பட்டறைகள் வாகன உதிரிபாகங்களில் தேர்ந்தன (அம்பத்தூர் 2018இல் சென்னை மாவட்டத்துக்கு மாற்றப்பட்டது). திருவள்ளூரில் 1998 முதல் இந்துஸ்தான் மோட்டார்ஸ் மிட்சுபிஷி லான்சர் கார்களைத் தயாரித்தது. கேட்டர்பில்லரின் மண்வாரி இயந்திர ஆலையும் அங்கு உண்டு.

கும்மிடிப்பூண்டியில் சிப்காட் (தமிழ்நாடு அரசின் தொழில் மேம்பாட்டு நிறுவனம்) அமைத்த தொழில் வளாகத்தின் முகம் வேறு. இரும்பு உருக்காலைகள், ரோலிங் மில்கள், வார்ப்படப் பட்டறைகள், ரசாயன ஆலைகள் எனக் கனமான தொழில்களே அங்கு மிகுதி. நெடுஞ்சாலையும் எண்ணூர்த் துறைமுகமும் அருகில் இருப்பது சரக்குப் போக்குவரத்துக்குத் தோது; ஷிப்டு வேலைக்குப் போகிறவர்களுக்கு மின்சார ரயில் துணை. உலைகளின் புகையையும் தூசியையும் பற்றி ஊர்மக்கள் நெடுங்காலமாக முறையிட்டு வருகிறார்கள். பிற இடங்களின் அபாயகரமான தொழிற்கழிவுகளும் இங்குள்ள பொதுக் கழிவுப் புதைப்புக் கிடங்குக்கு வந்து சேர்கின்றன. வளர்ச்சியின் கணக்கில் இதையும் எழுதியாக வேண்டும்.

மென்பொருள் துறை தாமதமாகவே வந்தது. தரமணியில் டைடல் பார்க் என்ற மென்பொருள் பூங்கா திறந்து 24 ஆண்டுகளுக்குப் பின், 2024 நவம்பரில் பட்டாபிராமில் ஒரு டைடல் பார்க் திறக்கப்பட்டது: 21 தளங்கள், 5.57 லட்சம் சதுர அடி, ரூ.330 கோடி செலவு. ஆவடி, திருவள்ளூர்ப் பட்டதாரிகள் நகரை முழுக்கக் கடந்து தெற்கே போய்வரும் அலைச்சல் குறைய இப்போதுதான் வழி பிறந்திருக்கிறது.

தேர்வாய்கண்டிகையைத் தனியே சொல்ல வேண்டும். கும்மிடிப்பூண்டி வட்டத்துச் சிற்றூரான இங்கே சுமார் 1,100 ஏக்கரில் சிப்காட் பூங்கா அமைந்தது. ஆடு மாடு மேய்த்துவந்த மேய்க்கால் நிலம் பறிபோவதை எதிர்த்துக் கிராமத்தார் போராடினர். பிரான்சின் மிஷலின் நிறுவனம் 2009இல் அரசுடன் ஒப்பந்தம் செய்து, லாரி, பேருந்துகளுக்கான ரேடியல் டயர் ஆலையை அங்கு நிறுவியது. பின்னர் கண்ணன்கோட்டை ஏரியையும் தேர்வாய்கண்டிகை ஏரியையும் இணைத்து, ரூ.380 கோடியில் அரை டி.எம்.சி. கொள்ளளவுள்ள நீர்த்தேக்கம் கட்டப்பட்டு 2020 நவம்பரில் திறக்கப்பட்டது. ஆந்திரத்திலிருந்து வந்து அங்கே தேங்கும் கிருஷ்ணா ஆற்று நீர் சென்னையின் குடிநீர்.