கிராமத்து ஆலயத்தில் ஆர்கன்

இங்கிலாந்தின் சிற்றூர் ஆலயங்களில் ஆர்கன் ஆதியிலிருந்தே ஒலித்தது போலத் தோன்றும். பெரும்பாலான ஊர்களுக்கு அது பத்தொன்பதாம் நூற்றாண்டில்தான் வந்து சேர்ந்தது. 1644-இல் நாடாளுமன்றம் ஆலயங்களிலுள்ள ஆர்கன்களை அகற்ற ஆணையிட்டது. 1660-இல் மன்னராட்சி திரும்பியதும் பேராலயங்களும் நகரங்களும் புதிதாக வாங்கிக்கொண்டன. கிராமங்களிடம் அதற்குப் பணமில்லை, வாசிக்க ஆளுமில்லை.

இருந்த ஆட்களை வைத்து ஊர்கள் சமாளித்தன. மேற்குப்புற மாடத்தில் தச்சரும் செருப்புத் தைப்பவரும் வயலின், கிளாரினெட், பஸ்ஸூனோடு அமர்ந்து சங்கீதங்களுக்கு இசை கூட்டினர். டார்செட் மாவட்டத்து ஸ்டின்ஸ்ஃபோர்டில் நாவலாசிரியர் தாமஸ் ஹார்டியின் தாத்தாவும் அப்பாவும் அப்படி வாசித்தவர்கள். ஊர் வாத்தியக்குழுவை விலக்கிவிட்டுப் பள்ளி ஆசிரியையை ஆர்கன் முன் உட்காரவைக்கும் கதைதான் அவருடைய 1872-ஆம் ஆண்டு நாவல், ‘அண்டர் த கிரீன்வுட் ட்ரீ’.

சில ஊர்கள் வாசிப்பவரே தேவைப்படாத உருளை ஆர்கனை வாங்கின. மர உருளையில் அடித்த ஊசிகள் குழாய்களின் அடைப்பைத் திறக்கும். கைப்பிடியைச் சுற்றினால் துருத்தியும் இயங்கும். ஓர் உருளையில் சுமார் பத்துப் பாட்டு. சஃபோக் மாவட்டத்து ஷெல்லண்ட் ஆலயத்தில் இத்தகைய ஆர்கன் இன்றும் இருக்கிறது.

1842-இல் பாரிஸில் அலெக்சாந்தர் தெபேன் காப்புரிமை பெற்ற ஆர்மோனியம் கிராமங்களுக்கு வசதியாக அமைந்தது. குழாய் இல்லை, விலை குறைவு, உலோக நாக்குகள் எளிதில் சுருதி பிசகுவதில்லை. (துவாரகாநாத் கோஷ் கல்கத்தாவில் இதைக் கையால் துருத்தி இயக்கும் பெட்டியாக மாற்றியதே நம் பஜனை மடங்கள்வரை வந்தது.) குழாய் ஆர்கன் வாங்க முடிந்த ஊர்களில் துருத்தி மிதிக்கவோ நெம்பவோ ஒரு பையன் வேண்டும். காற்று குறைவதைக் கயிற்றில் தொங்கும் ஈயக்குண்டு காட்டும். பிரசங்கத்தில் அவன் தூங்கிப்போனால் அடுத்த ஞானப்பாட்டு எழும்பாது. மின்விசிறி வந்த பிறகே அவனுக்கு விடுதலை.

வாசிப்பதும் லேசில்லை. பியானோ பழகிய விரலுக்கு ஆர்கன் பிடிகொடுக்காது: விரலை எடுத்த கணமே ஒலி அறுந்துவிடும். சுருதிக்காகத் தொடக்கத்தில் ஓர் அடி வாசித்துக் காட்டி, சரணங்களுக்கிடையே சபை மூச்சுவாங்க இடம்விட வேண்டும். குளிர்காலத்தில் விரல் விறைக்கும்.

இப்போது ஒரே குருவானவர் பல ஊர்களைப் பார்க்கிறார்; ஆர்கன் வாசிப்பவர்களும் அரிதாகிவிட்டனர். பொத்தானை அழுத்தினால் ஞானப்பாட்டை இசைக்கும் கருவியைச் சில சபைகள் வாங்கியுள்ளன. உருளையின் பேரப்பிள்ளை என்றே சொல்லலாம். எத்தனை சரணம் என்று முன்கூட்டியே அதற்குச் சொல்லிவைக்க வேண்டும். மணப்பெண் வரத் தாமதமானால் இன்னும் இரண்டு நிமிடம் இழுத்து வாசிக்கத் தானாக அதற்குத் தோன்றாது.